ஓரக்குதிரை வகையறா

நொச்சிப்பட்டியில் எதைத் தொடங்குவதாக இருந்தாலும் வாசலில் சதுரங்கப் பலகையை வைத்து, அவரவர் வகையறாவுக்கு உரிய முதல் காயை நகர்த்திவிட்டுத்தான் தொடங்க வேண்டும். கல்யாணம், புதுவீடு, கிணறு, வடகம் பிழிவது, சம்பந்தியோடு சண்டை போடுவது எல்லாம் இதில் அடக்கம். காய் நகர்த்தாமல் தொடங்கினால் எதுவும் தொடங்காது. அடுப்பு பற்றாது, தாலி முடிச்சு நிற்காது, எவ்வளவு தோண்டினாலும் தரை தரையாகவே இருக்கும். சாப்பாடு, தூக்கம், இருமல், வாய்ப்பேச்சு நான்குக்கு மட்டும் விலக்கு. அதற்கு அரசாணை இருக்கிறது.

எந்தத் தொடக்கம் எத்தனை ஆட்டம் ஜெயித்தது என்ற விவரம் ஊர்ப் படிப்பகத்துப் பதிவேட்டில் ஏறும். வருடா வருடம் ஆடி கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தொடக்கப் புள்ளிவிவர அலுவலகம் அதைக் கூட்டி வகுத்துப் பார்க்கும். நூற்றுக்கு நாற்பதுக்குக் கீழே இறங்கிய தொடக்கம் அத்தோடு ரத்து. ரத்தான வகையறாக்காரர்கள் அதன் பிறகு புதிதாக எதையும் தொடங்க முடியாது; வாய்ப்பேச்சு விலக்கும் அவர்களுக்குக் கிடையாது. ஏற்கெனவே தொடங்கியதைத் தொடரலாம். மேலத்தெரு முத்துவீரன் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தபோது ரத்தானார். ஒன்பது வருடமாக அதே சுவருக்கு வெள்ளையடிக்கிறார். சுவர் ஒரு முழம் தடித்துவிட்டது. வீட்டுக்காரம்மா கட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக வாசல் பக்கம் நகர்த்திவருகிறார்.

அம்சவேணி ஓரக்குதிரை வகையறா. முதல் நகர்விலேயே குதிரையைப் பலகையின் நடுவுக்கு விடாமல் ஓரத்தில் கொண்டுபோய்க் கட்டுகிற வகையறா அது. ஏன் அப்படி என்று யாரும் கேட்பதில்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் அல்லவா. பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் இருபத்திரண்டு வருடம் சாம்பார் கிண்டியவள் அம்சவேணி. வயது நாற்பத்தொன்பது. இருநூறு பிள்ளைகளுக்கு ஒரே அண்டாவில் சமைத்துச் சமைத்து, ஒரு மனுஷனுக்கு ஒரு தட்டில் நாலு இட்லி வைத்து அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு முற்றிப்போயிருந்தது. கடைத்தெருவில் இடம் பிடித்து, ஆனி மாதத்துக்குள் ஷட்டர் மாட்டி, கிரைண்டர் இறக்கி, 'அம்சவேணி டிபன் சென்டர்' என்று பலகையும் எழுதிவிட்டாள். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

ஆடியில் எவனாவது கடை திறப்பானா? ஆவணி முதல் தேதி காலை ஏழு மணிக்கு நல்ல நேரம் குறித்துக் கொடுத்திருந்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓரக்குதிரையின் விதி முடிவாகும். அம்சவேணி படிப்பகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்தாள். ஆடியது ஐம்பத்தொன்று, ஜெயித்தது இருபது, சமன் ஏதும் இல்லை. முப்பத்தொன்பது புள்ளி இரண்டு. பதினான்கு மணி நேரம் குறுக்கே நிற்கிறது, அவ்வளவுதான். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு நடந்தாள்.

புள்ளிவிவர அலுவலர் குற்றாலிங்கம் நல்ல மனுஷர். இரண்டு வருடமாக மெஸ் சாப்பாடு சாப்பிட்டு வயிறு கெட்டவர். டிபன் கடை வருகிறது என்று ஊரில் அதிகம் சந்தோஷப்பட்டவர் அவர்தான். ஆனால் வகுத்தல் என்று வந்துவிட்டால் பெற்ற தாயையும் வகுத்துவிடுவார்.

"இதுல பதினோரு ஆட்டம் எங்க பெரியப்பா தோத்தது சார்," என்றாள் அம்சவேணி. "அவருக்குக் கண்ணுல புரை. எதிராளியோட ராணியைத் தன் ராணின்னு நெனச்சு நாலு தடவை காப்பாத்தி விட்டிருக்காரு. அந்தப் பாவம் குதிரை மேல எப்படி வரும்?"

குற்றாலிங்கம் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். "ஜெயிச்சது, தோத்தது, சமன். மூணு கட்டந்தாம்மா இருக்கு. புரைக்குக் கட்டம் இல்ல."

"மூலைச்சிப்பாய்க்காரங்களுக்கு நூறுன்னு போட்டிருக்கீங்களே."

"அவங்க ஆடினது ஒரே ஆட்டம். எதிராளி பாதியில பஸ்ஸைப் பிடிக்க எந்திரிச்சுப் போயிட்டாரு. ஒண்ணுக்கு ஒண்ணு நூறு."

அது உண்மைதான். அந்த ஒரு பஸ்ஸின் புண்ணியத்தில் மூலைச்சிப்பாய் வகையறாவுக்கு நாற்பது வருடமாகக் கோயிலில் முதல் மரியாதை. அவர்கள் அதன் பிறகு பலகைப் பக்கமே போகவில்லை. புத்திசாலிகள்.

"இன்னும் ஒரு ஆட்டம் ஜெயிச்சா?" என்று கேட்டாள் அம்சவேணி.

"அம்பத்திரண்டுக்கு இருபத்தொண்ணு. நாப்பதைத் தாண்டிரும். ஆனா ஆடியில புது ஆட்டம் தொடங்கக் கூடாதே. நிலுவையில ஏதாவது இருந்தாத்தான் உண்டு." அவர் எச்சில் தொட்டுத் தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் விரலை வைத்தார். "ஒண்ணு இருக்கு. பதினாலு வருஷமா முடியல. எதிராளி லூர்துசாமி. வெள்ளைக்காய் ஆடுறது..."

"நாந்தான் சார்," என்றாள் அம்சவேணி.

பதினான்கு வருடமாகத் தினமும் நாலு மணிக்கு அவள் படிப்பகம் போய் அந்தப் பலகைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். அது ஒரு ஆட்டம் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

லூர்துசாமி பால் சொசைட்டியில் எழுத்தராக இருந்தவர். மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை அரைமனதாக ஒரே கட்டம் தள்ளுகிற வகையறா. பதினான்கு வருடத்துக்கு முன் ஓர் ஆடி கடைசி நாளில் அவர்கள் தொடக்கம் ரத்தானது. அலுவலக மணி அடித்த அந்த நொடியில் அவர் ஆனியில் தொடங்கிய ஓர் ஆட்டத்தை அம்சவேணியோடு ஆடிக்கொண்டிருந்தார். அவள் அப்போதுதான் யானையை ஏற்றி அவருடைய ராஜாவுக்கு செக் வைத்திருந்தாள். அவர் கையில் டீ இருந்தது. மடியில் அன்றைய தினத்தாள் விரிந்திருந்தது. அவர் தலையைத் தூக்கி, "அம்சவேணி, நான் என்ன நினைக்கிறேன்னா..." என்று ஆரம்பித்திருந்தார்.

ஆட்டம், டீ, தினத்தாள், அந்தப் பேச்சு, இந்த நான்கும்தான் அவருடைய சொத்து. வீட்டுக்குப் போகலாம், திரும்புவது வந்ததில் சேர்த்தி என்று விதி இருக்கிறது. ஆனால் போய்ச் சேர்ந்துவிட்டால் மறுபடி கிளம்ப முடியாது. அதனால் அவர் படிப்பகத்திலேயே இருந்துவிட்டார். டீ சாப்பாட்டில் சேராது; அது அடிமட்டத்துக்கு இறங்குவதற்குள் எதிர் டீக்கடைக்காரர் வந்து ஊற்றி நிரப்பிவிடுவார். தினத்தாளில் இன்னும் விளையாட்டுப் பக்கத்துக்கு வரவில்லை. பதினான்கு வருடத்துக்கு முந்தைய வானிலை அவருக்கு அத்துப்படி. கேட்டால் பதில் சொல்வார்; பதில் என்பது அடுத்தவர் தொடங்கியதன் தொடர்ச்சி. தானாக அவர் சொல்வது அந்த ஒரு வாக்கியம்தான். அதுவும் இன்னும் முடியவில்லை. நாலு மணிக்கு அம்சவேணி எதிரே உட்கார்ந்ததும், "...நினைக்கிறேன்னா," என்பார். ஐந்து மணிக்கு அவள் எழுந்து போவாள்.

அன்றைக்கு அம்சவேணி முதல்முறையாக அவர் முகத்தை விட்டுவிட்டுப் பலகையைப் பார்த்தாள். லூர்துசாமியின் ராஜா ஒதுங்குவதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருந்தது. அங்கே ஒதுங்கினால், முதல் நகர்விலிருந்து ஓரத்திலேயே நிற்கிற அவளுடைய குதிரை உள்ளே பாய்ந்து ஆட்டத்தை முடித்துவிடும்.

"சார், உங்களுக்கு ஒரே ஒரு நகர்வுதான் இருக்கு."

"ஆமா. அதைத்தான் யோசிக்கிறேன்."

"ஒண்ணை வச்சுக்கிட்டா பதினாலு வருஷம் யோசிப்பாங்க?"

"ரெண்டு இருந்தா எப்பவோ ஒண்ணை முடிவு பண்ணியிருப்பேன், அம்சவேணி."

அடுத்த பத்து நாளும் அவள் சும்மா இருக்கவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். இவர் ஒரு ராஜாவை ஒரு கட்டம் நகர்த்த மாட்டாரா? முதல் நாள் தன்மையாகக் கேட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாள் அதட்டிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மெதுவடை சுட்டுக் கொண்டுவந்து பலகைக்கு அந்தப் பக்கம், அவர் கை நீட்டினால் ராஜாவில் இடிக்கும் தூரத்தில் வைத்தாள். அவர் இடக்கையால் சுற்றிவளைத்து எடுத்துச் சாப்பிட்டார். சாப்பாட்டுக்கு விலக்கு இருக்கிறதே. ஏழாம் நாள் படிப்பகத்து மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தாள், காற்றில் காய் தானாக நகராதா என்று. தினத்தாள்தான் படபடத்தது. அவர் அதை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு யோசனையைத் தொடர்ந்தார்.

எதிர்க்கடைக்காரர் அவளுக்கு ஒரு யோசனை சொன்னார். "நான் ஒருநாள் டீ ஊத்தாம விட்டுர்றேன்க்கா. மனுஷன் ஆடிப்போயிருவாரு."

"அந்தப் பாவத்துக்கு நான் வரல," என்றாள் அம்சவேணி. "எனக்கு அவரு ராஜா நகரணும். அவரு டீ வத்தக் கூடாது."

ஆடி கடைசி நாள் அவள் மூன்றரைக்கே போய்விட்டாள். லூர்துசாமி நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் அவள் அரைமணி முன்னால் வந்தது இல்லை.

"...நினைக்கிறேன்னா," என்றார்.

"இன்னிக்கு அஞ்சு மணியோட என் வகையறா போயிரும் சார். நாளைக்குக் கடை திறக்க முடியாது. நாளைக்கில்ல, என்னைக்குமே."

"தெரியும். குற்றாலிங்கம் வந்து சொன்னாரு."

"தெரிஞ்சுமா இப்படி உக்காந்திருக்கீங்க?"

லூர்துசாமி டீக் கிளாஸைப் பலகை ஓரத்தில் வைத்தார். பிறகு, அவள் கேட்டதற்கு விடையாக, மெதுவாகச் சொன்னார். "இது முடிஞ்சா நாலு மணிக்கு நீங்க இங்க வர வேண்டிய வேலை இல்ல. என்கிட்ட வேற ஆட்டம் இல்ல, அம்சவேணி. ஆரம்பிக்கவும் முடியாது."

அம்சவேணிக்குக் கோபம் வந்தது. பத்து நாளாக வடையைத் தின்றுகொண்டு இதை ஏன் சொல்லவில்லை என்று கோபம். பதினான்கு வருடமாக எதிரே உட்கார்ந்து இதைக் கண்டுபிடிக்காத தன் மேலும் கோபம். இரண்டு கோபத்தையும் ஓரமாக வைத்துவிட்டு அவள் கணக்குப் போட்டாள். சத்துணவுக்காரிக்கு இருக்கிறதைப் பங்கு வைக்கத் தெரியாதா?

"உங்க வீடு எங்க இருக்கு?"

"கடைத்தெரு தாண்டி. மாவு மில்லுக்கு அடுத்து."

"என் கடை?"

"மாவு மில்லுக்கு இந்தப் பக்கம்."

"அப்ப உங்க வீட்டுக்குப் போற வழியிலதான் என் கடை இருக்கு. ஆட்டம் முடிஞ்சதும் நீங்க வீட்டுக்குக் கிளம்புறீங்க. அது திரும்புறது, வந்ததுல சேர்த்தி. வழியில கால் வலிக்கும். என் கடையில உக்காருங்க. வீடு போய்ச் சேராத வரைக்கும் நீங்க போய்க்கிட்டுத்தான் இருக்கீங்க. யாரு என்ன சொல்லிர முடியும்?"

லூர்துசாமி அதை யோசித்தார். ஓட்டை எதுவும் தென்படவில்லை.

"டீயைக் கையோட எடுத்துட்டு வாங்க. என் அடுப்புல எப்பவும் பால் இருக்கும். பேப்பரையும் கொண்டுவாங்க."

"அந்தப் பேச்சு?" என்று கேட்டார். "நான் சொல்ல வந்தது?"

"அதை முடிக்கச் சொல்லி நான் ஒருநாளாவது கேட்டேனா? நீங்க சொல்ல ஆரம்பிச்ச அன்னிக்கே நான் கேக்க ஆரம்பிச்சுட்டேன். பதினாலு வருஷமாச்சு. அதெல்லாம் எந்த ஆடியும் தடுக்காது. நான் இட்லி ஊத்திக்கிட்டே கேப்பேன்."

நாலு ஐம்பதுக்கு லூர்துசாமி கையை நீட்டி ராஜாவைத் தூக்கினார். அது நின்ற கட்டம் மட்டும் புதுப்பலகை போல வெளுப்பாக இருந்தது. ஒரு கட்டம் தள்ளி வைத்தார். அம்சவேணி குதிரையைத் தூக்கப் போனாள். பதினான்கு வருடத்துத் தூசியும் டீக்கறையும் சேர்ந்து அது பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பெயர்த்தாள். குதிரை உள்ளே பாய்ந்தது. ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை.

அவர் பதிவேட்டில் தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஆட்டம் தொடங்கியபோதே பேனாவைத் திறந்து வைத்திருந்ததால் அதில் சிக்கல் வரவில்லை. அம்சவேணி பதிவேட்டை இடுக்கிக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினாள். ஓடிப் பழக்கம் இல்லாத உடம்பு. படியேறும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. குற்றாலிங்கம் இருபத்தொன்றை ஐம்பத்திரண்டால் இரண்டு தடவை வகுத்தார். மூன்றாவது தடவை தாளைத் தலைகீழாகத் திருப்பி வைத்து வகுத்தார். நாற்பது புள்ளி நான்கு. முத்திரையை ஊதி ஈரமாக்கி ஓங்கிக் குத்தினார். அப்போதுதான் ஐந்து மணி அடித்தது.

"காலையில முதல் ஆளா வந்துருவேன்மா," என்றார்.

ஆவணி முதல் தேதி ஏழு மணிக்கு அம்சவேணி கடை வாசலில் பலகையை வைத்து, குதிரையை ஓரத்தில் கட்டினாள். ஒரே குச்சியில் அடுப்பு பற்றிக்கொண்டது. அவளுக்குக் கண் கலங்கியது. புகை என்று சொல்லிக்கொள்ளவில்லை. லூர்துசாமி முந்தின நாள் சாயங்காலமே கிளம்பி, வழியில் கால் வலித்து, சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கிளாஸ் நிறைய டீ இருந்தது. தினத்தாளில் விளையாட்டுப் பக்கம் வந்திருந்தது.

குற்றாலிங்கம் சொன்னபடி முதல் ஆளாக ஏழரைக்கு வந்தார். அக்குளில் ஒரு காக்கி உறை இருந்தது. அம்சவேணி தட்டில் நாலு இட்லி வைத்தாள். வைத்துவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக நினைத்த முகம் சரியாக அதே மாதிரி மலர்ந்தது. அவள் சாம்பாரை ஒரு கரண்டி மொண்டு இட்லி மேல் ஊற்றத் தொடங்கினாள். அவர் இடக்கையால் உறையைப் பிரித்தார்.

"ராத்திரி மேலிடத்துலேர்ந்து வந்துச்சும்மா. இனிமே தொடக்கத்தை மட்டும் பாத்தாப் போதாதாம். முடிவையும் பாக்கணுமாம். ஒரு வகையறா கடைசியா எதால முடிச்சுதோ அதுதான் அதோட முடிவு. உங்களுக்குக் குதிரை."

"ஆமா, நேத்து குதிரையாலதானே முடிச்சேன்."

"உங்க ஆளுங்க ஜெயிச்ச இருபத்தொண்ணுல குதிரையால முடிஞ்சது அது ஒண்ணுதான். ஒண்ணை இருபத்தொண்ணால வகுத்தா நூத்துக்கு நாலே முக்கால். முடிவு ரத்து." அவர் தாளின் அடிப்பகுதியைப் பார்த்தார். "காலை ஏழரை முதல் அமல்."

அம்சவேணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு முப்பத்திரண்டு.

"அப்ப இனி எதை வேணும்னாலும் தொடங்கலாம்."

"தாராளமா. முடிக்கத்தான் முடியாது."

"சரி," என்றாள் அம்சவேணி. கரண்டியிலிருந்து சாம்பார் இட்லி மேல் விழுந்துகொண்டிருந்தது. இட்லி மறைந்தது. தட்டின் விளிம்பு மறைந்தது. குற்றாலிங்கம், "போதும்மா," என்று சொல்லிப் பார்த்தார். பிறகு காக்கி உறையை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தட்டை ஒரு பக்கம் நகர்த்தினார். மேசைக்கு அடியில் இருந்த வாளியை எடுத்துக் கரண்டிக்கு நேரே வைத்தார். வாளி நிறைவதற்குள் தட்டில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தார். நன்றாக இருந்தது என்றார்.

எட்டு மணிக்கெல்லாம் தெருவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. பெண்கள் குழாயடிக்குப் போக எடுத்த குடத்தைக் கொண்டுவந்து கடை வாசலில் வரிசை போட்டார்கள். முத்துவீரன் வீட்டம்மா இரண்டு குடம் கொண்டுவந்திருந்தார். அம்சவேணி வலக்கையில் கரண்டியைப் பிடித்தபடியே இடக்கையால் அடுத்த தட்டுக்கு இட்லியை எடுத்து வைத்தாள்.

சுவரோரம் லூர்துசாமி தலையைத் தூக்கினார்.

"...நினைக்கிறேன்னா, நீங்களும்..." என்றார்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்," என்றாள் அம்சவேணி. "அடுத்த குடம் வைங்க."